பல்கலைக்கழக விளையாட்டு கிளப்புகளுக்குத் தரவரிசை: காசும் ஹாலும் யாருக்கு, எவ்வளவு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வட இங்கிலாந்தில் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்தபோது, மாணவர் சங்கத்தின் விளையாட்டு நிதிக் குழுவில் இரண்டு வருஷம் இருந்தேன். பேட்மின்டன் ஆடப் போனவனை, "உனக்கு எக்ஸெல் வரும்தானே?" என்று கேட்டு இழுத்துப் போட்டுவிட்டார்கள். நாற்பத்துச் சொச்சம் கிளப்புகளை வரிசைப்படுத்தி யாருக்கு எவ்வளவு காசு, யாருக்கு எந்த நேரத்தில் ஹால் என்று பிரிக்கும் வேலை. இப்போது பிரிட்டனில் படிக்கப் போய் அங்கே கிளப் பொருளாளர், கேப்டன் என்று ஆகிவிடும் நம்ம பிள்ளைகள் வருஷா வருஷம் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

கிளப் என்றால் நம்ம ஊர் காலேஜ் டீம் மாதிரியா?

இல்லை. நம்ம ஊரில் பிசிக்கல் டைரக்டர் ஆள் எடுப்பார், ஜெர்சி வாங்கித் தருவார், எந்த டோர்னமென்ட்டுக்குப் போகலாம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். பிரிட்டனில் கிளப்பை நடத்துவது மாணவர்கள். தலைவர், பொருளாளர் எல்லோரும் தேர்தலில் வருகிறவர்கள். சந்தா வாங்குவது, கோச்சுக்குச் சம்பளம் தருவது, பஸ் பிடிப்பது எல்லாம் அவர்கள் தலையில். கிரிக்கெட், ஹாக்கி, ரக்பி, நெட்பால், படகு, வாள்வீச்சு, குதிரையேற்றம் என்று போய் குகைக்குள் கயிறு கட்டி இறங்குவது வரை கிளப் உண்டு. மாணவர் சங்கம் வருஷத்துக்கு ஒரு தொகையை இவர்களுக்குப் பிரித்துத் தரும். ஹால், டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்), நீச்சல் குளம் இவற்றில் நேரம் ஒதுக்குவது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை. போட்டிகளை நடத்துவது பிரிட்டிஷ் யூனிவர்சிட்டீஸ் அண்ட் காலேஜஸ் ஸ்போர்ட் என்ற அமைப்பு, எல்லோர் வாயிலும் அது "பக்ஸ்"தான். 2008இல் இரண்டு பழைய அமைப்புகள் சேர்ந்து உருவானது. புதன்கிழமை மதியம் நாடு முழுக்க மேட்ச் நடக்கும், பல இடங்களில் அன்றைக்கு மதியம் வகுப்பே வைக்கமாட்டார்கள்.

தரவரிசை எதற்கு? சமமாகப் பிரித்துவிட்டால் சண்டையே இல்லையே?

முதல் கூட்டத்தில் நானும் இதைத்தான் சொன்னேன். படகு கிளப்பின் பொருளாளர் சிரித்தார். எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகு ஒன்றைப் புதிதாக வாங்கினால் பல பத்தாயிரம் பவுண்டு. ஓட்டப் பந்தய கிளப்புக்கு ஷூவை ஆளுக்காள் அவரவரே வாங்கிக்கொள்வார்கள், கிளப்புக்குச் செலவு என்பது பயணமும் நுழைவுக் கட்டணமும்தான். இரண்டு பேருக்கும் ஆயிரம் ஆயிரம் கொடுத்தால் ஒருவருக்கு அது துடுப்புக்கும் பற்றாது, இன்னொருவருக்கு வருஷக் கடைசியில் மிச்சம் இருக்கும். மிச்சம் இருந்தால் என்ன செய்வார்கள்? கடைசி மாதத்தில் தேவையில்லாமல் எல்லோருக்கும் ஹூடி அடிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

தேவைக்கு ஏற்பக் கொடுக்கலாம் என்றால், எல்லோருமே பட்ஜெட்டை ஊதிப் பெருக்கி எழுதுவார்கள். அதனால் ஏதோ ஒரு வரிசை வேண்டியிருக்கிறது. எதை வைத்து வரிசை, அந்த வரிசை எதைத் தீர்மானிக்கும், எதைத் தீர்மானிக்கக் கூடாது, இதில்தான் எல்லாச் சிக்கலும்.

இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா, அல்லது குழு வைத்ததுதான் சட்டமா?

இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 22ஆவது பிரிவு மாணவர் சங்கங்களைப் பற்றியது. அதில் ஒரு வரி: குழுக்களுக்கும் கிளப்புகளுக்கும் வளங்களைப் பங்கிடும் முறை நியாயமானதாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், எல்லா மாணவர்களும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். அவ்வளவுதான். எப்படிப் பிரிப்பது நியாயம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் "முறையை எழுத்தில் காட்டுங்கள்" என்று கேட்க ஒரு முதல் வருஷ மாணவிக்கும் உரிமை இருக்கிறது. உங்கள் கிளப்புக்குக் காசு குறைந்தால் முதல் மின்னஞ்சல் "ஏன் குறைத்தீர்கள்?" என்று போக வேண்டாம், "முறையை அனுப்புங்கள்" என்று போகட்டும். பதில் வர ரொம்ப நாள் ஆனால், அப்படி ஒரு முறையே அவர்களிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேலே 2010 சமத்துவச் சட்டம் வேறு இருக்கிறது, பாலினம், மாற்றுத்திறன் இவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதற்கு.

பக்ஸ் புள்ளிப் பட்டியல் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. ஆனால் பாதிக்கு மேல் குழுக்கள் அதைத்தான் செய்ய ஆசைப்படும், ஏனென்றால் அது இணையத்தில் ரெடியாக இருக்கிறது, யாரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம்.

அந்தப் பட்டியல் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காகச் செய்தது. லாஃப்பரோ பல்கலைக்கழகம் 1980இலிருந்து (கொரோனா இடைவெளியைத் தள்ளிவிட்டால்) ஒட்டுமொத்த முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்ள அது உதவும். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஹாக்கி கிளப் உசத்தியா வாள்வீச்சு கிளப் உசத்தியா என்று சொல்ல அது உதவாது. ஹாக்கியில் ஆண், பெண் என்று ஐந்தாறு அணி இறக்கலாம், ஒவ்வொன்றும் லீக்கில் புள்ளி வாங்கும். வாள்வீச்சில் ஓர் அணி, இரண்டு அணிதான். நீச்சலில் தனிநபர் போட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு விளையாட்டில் நூறு பல்கலைக்கழகம் கலந்துகொள்ளும், இன்னொன்றில் பதினைந்துதான் வரும், பதினைந்தில் ஐந்தாவது வருவதும் நூற்றில் ஐந்தாவது வருவதும் ஒன்றா?

இரண்டாம் வருஷம் நாங்கள் வேறு மாதிரி கேட்டோம். உங்கள் விளையாட்டில் மொத்தம் எத்தனை அணி கலந்துகொண்டது, அதில் எத்தனை பங்கை நீங்கள் முந்தினீர்கள்? அதுவும் மூன்று வருஷச் சராசரியாக. ஏனென்றால் மாணவர் கிளப்பில் ஒரு நல்ல கேப்டன், இரண்டு நல்ல ஆட்டக்காரர் வந்தால் மேலே போகும், அவர்கள் பட்டம் வாங்கிப் போனதும் கீழே வரும். ஒரு வருஷ முடிவை வைத்து காசு பிரிப்பது, யார் எந்த வருஷம் பிறந்தார்கள் என்பதற்குக் காசு கொடுக்கிற மாதிரி.

மலைநடை, குகை இறங்குதல் மாதிரி போட்டியே இல்லாத கிளப்புகளுக்கு இந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். காலியாக விட்டு, மற்றக் கட்டங்களை வைத்தே அவர்களைக் கணக்கிடுங்கள். தேர்வுக்கு வராதவனுக்கும் பூஜ்யம் வாங்கினவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஜெயிக்கிறவர்களுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு? உற்சாகப்படுத்த வேண்டாமா?

பிரிட்டன் இதை ஒலிம்பிக் அளவில் செய்து பார்த்த நாடு, அந்தக் கதையை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சலிப்பேற்றியிருக்கிறேன். 1996 அட்லாண்டாவில் அவர்களுக்கு ஒரே ஒரு தங்கம், பதக்கப் பட்டியலில் 36ஆவது இடம். அதற்கப்புறம் லாட்டரிப் பணத்தை யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பு மூலம் பதக்கம் வரக்கூடிய விளையாட்டுகளில் மட்டும் குவித்தார்கள். பலன் வந்தது: 2012 லண்டனில் 29 தங்கம், 2016 ரியோவில் 27 தங்கம், சீனாவைத் தாண்டி இரண்டாம் இடம். பதக்கம்தான் குறிக்கோள் என்றால் அது வெற்றிக் கதை, மறுக்க முடியாது.

ஆனால் அதே ரியோவில் பேட்மின்டன் ஆண்கள் இரட்டையரில் வெண்கலம் வாங்கிக் கொடுத்த விளையாட்டுக்கு, சில மாதம் கழித்து அடுத்த நான்கு வருஷ ஒலிம்பிக் சுழற்சிக்கு ஒரு பைசா இல்லை என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய சுழற்சியில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கியிருந்த விளையாட்டு அது. அதற்கு முன்பே 2014இல் கூடைப்பந்துக்கும் நிறுத்தியிருந்தார்கள். நகரத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஆடும் விளையாட்டு, ஆனால் ஒலிம்பிக் பதக்கம் வர வாய்ப்பில்லை. பிற்பாடு அந்த அமைப்பே கொஞ்சம் இறங்கி வந்து கூடுதல் விளையாட்டுகளுக்குக் கதவைத் திறந்தது. (பேட்மின்டன்காரன் என்பதால் எனக்கு இதில் கோபம் கொஞ்சம் கூடுதல், தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள்.)

பல்கலைக்கழகத்தில் இது இன்னும் மோசமாக வேலை செய்யும். ஜெயித்தால் காசு, காசு வந்தால் நல்ல கோச், நல்ல கோச் வந்தால் மறுபடி ஜெயிப்பு. ஐந்து வருஷத்தில் மேலே இருப்பவர் மேலேயே இருப்பார், கீழே இருப்பவர் கிளப்பையே மூடுவார். அப்புறம் தரவரிசையைப் பார்த்து, "பாருங்கள், நாங்கள் சரியாகத்தான் கணித்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் உறுப்பினர் எண்ணிக்கை? அதில் ஏமாற்ற முடியாதே?

ஏன் முடியாது? செப்டம்பர் கடைசியில் புது மாணவர்களுக்கான ஃபிரெஷர்ஸ் வாரம் வரும். மேஜை போட்டு, இலவச பீட்சா கொடுத்து, பெயர் எழுதி வாங்குவார்கள். முந்நூறு பெயர் வரும். நவம்பரில் ஹாலுக்கு வந்து பார்த்தால் நாற்பது பேர்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள், வெளியே மணி நாலுக்கே இருட்டியிருக்கும். அதனால் பெயரை எண்ணாதீர்கள். சந்தா கட்டினவர்களை எண்ணுங்கள், அதைவிட நல்லது கார்டு தட்டி உள்ளே வந்த கணக்கு.

அது சரியானதும் இன்னொரு பிரச்சினை வரும். எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் காசு கொடுத்தால் நெட்பாலும் கால்பந்தும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இருபது பேருக்கும் இருநூறு பேருக்கும் ஒரு கோச்தான் தேவைப்படலாம், செலவு பத்து மடங்கு ஆவதில்லை. நாங்கள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்தோம். 25 பேர் என்றால் 5, 225 பேர் என்றால் 15. ஒன்பது மடங்கு ஆட்களுக்கு மூன்று மடங்கு காசு. ரக்பிக்காரர்கள் "இது என்ன கணக்கு வாத்தியார் வேலை" என்று கத்தினார்கள். ஆனால் பழகிவிட்டது.

ஒவ்வொரு அளவுகோலிலும் ரேங்க் போட்டு, ரேங்க்குகளைக் கூட்டினால் எளிதாக இருக்குமே?

எங்கள் முதல் வருஷத் தப்பே இதுதான். கேட்க எளிமையாக இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. கற்பனை எண்களை வைத்துக் காட்டுகிறேன்.

பேட்மின்டனில் 200 பேர், போட்டிப் புள்ளி 90. ஹாக்கியில் 150 பேர், புள்ளி 110. ஆட்களில் பேட்மின்டன் ஒன்று, ஹாக்கி இரண்டு. புள்ளியில் ஹாக்கி ஒன்று, பேட்மின்டன் இரண்டு. கூட்டினால் இருவருக்கும் மூன்று, சமம். இப்போது ஹேண்ட்பால் கிளப் ஒன்று புதிதாகச் சேருகிறது: 170 பேர், புள்ளி 40. ஆட்களில் ஹேண்ட்பால் இரண்டாவது, ஹாக்கி மூன்றாவதாக இறங்குகிறது. புள்ளியில் ஹேண்ட்பால் கடைசி, அதனால் அங்கே எதுவும் மாறவில்லை. கூட்டினால் பேட்மின்டனுக்கு மூன்று, ஹாக்கிக்கு நான்கு. ஹாக்கிக்காரர்கள் ஒன்றும் செய்யவில்லை, பேட்மின்டன்காரர்களும் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது ஆள் வந்து நின்றதற்கே ஹாக்கி கீழே போய்விட்டது. இது எக்ஸெல் பிழை இல்லை, ரேங்க்கைக் கூட்டும் முறைக்குள்ளேயே இருக்கும் கோளாறு.

இன்னொன்று, ரேங்க் இடைவெளியை விழுங்கிவிடும். 240 பேர் முதலாவது, 238 பேர் இரண்டாவது, 60 பேர் மூன்றாவது. ரேங்க்கில் பார்த்தால் எல்லாம் ஒவ்வொரு படிதான். அதனால் மூல எண்ணையே ஒரு பொது அளவுக்கு, உதாரணமாகப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள், மாற்றிக்கொண்டு அதைக் கூட்டுங்கள். அந்தப் பூஜ்யமும் நூறும் எது என்பதை முன்கூட்டியே நிலையாக வையுங்கள். அந்த வருஷத்தில் யார் அதிகமோ அவரே நூறு என்று வைத்தால் பழைய கோளாறு பின்வாசலால் உள்ளே வந்துவிடும்.

எதற்கு எத்தனை மதிப்பெண் என்று யார் முடிவு செய்வது?

முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள், யார் செய்தாலும் பரவாயில்லை. முதல் வருஷம் நாங்கள் எண்களைத் திரையில் போட்டுக்கொண்டே மதிப்பெண்ணைப் பேசினோம். ஒருவர் "போட்டி முடிவுக்கு முப்பது வைக்கலாம்" என்பார், எக்ஸெல்லில் தன் கிளப் எங்கே போகிறது என்று பார்ப்பார், "முப்பத்தைந்து வைத்தால்தான் நியாயம்" என்பார். மூன்று மணி நேரம் இப்படியே ஓடியது. அடுத்த வருஷம் மே மாதமே, அதாவது அடுத்த ஆண்டின் எண்கள் பிறப்பதற்கு முன்பே, எல்லா கிளப் தலைவர்களையும் கூப்பிட்டு வாக்கெடுத்தோம். மே மாதத்தில் யாருக்கும் தன் கிளப் அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று தெரியாது. பாதிப் பேர் பதவியை விட்டுப் போகிறவர்கள் வேறு. ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அங்கே முடிவானதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது, புதிதாக ஆடக் கற்றுக்கொள்பவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பாவது நடத்தும் கிளப்புக்கு, லீக் ஜெயித்த கிளப்புக்கு நிகரான மதிப்பெண் கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இங்கிலாந்துக்கு வந்து முதல்முறை லக்ரோஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) மட்டையைத் தொடுகிற பெண்ணும் அதே கல்விக் கட்டணத்தைத்தான் கட்டுகிறாள்.

ஹாலையும் அதே தரவரிசைப்படி பிரிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

காசும் இடமும் ஒரே மாதிரிப் பொருள் இல்லை. காசைப் பத்து பவுண்டு, நூறு பவுண்டு என்று எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், பற்றாவிட்டால் சந்தாவை ஏற்றலாம், பக்கெட் தூக்கி வசூல் செய்யலாம். செவ்வாய் மாலை ஏழு மணி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை யாராலும் இரண்டாக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேட்மின்டன் கோர்ட் பிடிக்கும் சாதாரண ஹால் ஒன்று. வகுப்பு முடிந்து மாலை ஆறிலிருந்து பத்து வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 20 மணி நேரம். அதைக் கேட்டு 12 கிளப். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று அடிப்படை வைத்தால் 12 போக 8 மணி நேரம் மிச்சம், அதைத் தரவரிசைப்படி கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் வலை கட்டி, உடம்பைச் சூடாக்கி, கடைசியில் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் உருப்படியாக எதுவும் நடக்காது. ஒன்றரை மணி நேரம் வேண்டும். அப்போது 12 கிளப்புக்கே 18 மணி போய்விடுகிறது. சண்டை போட மிச்சம் இரண்டே மணி நேரம்! அதிலும் ஜனவரியிலும் மே மாதத்திலும் ஹாலில் மேஜை நாற்காலி போட்டுத் தேர்வு நடத்துவார்கள், அந்த வாரங்களில் இருபதும் பூஜ்யம்.

அதனால் முதல் வேலை, யாருக்கு அந்த ஹால்தான் வேண்டும் என்று பிரிப்பது. பேட்மின்டனுக்கு உயரமான கூரையும் காற்றில்லாத இடமும் இல்லாமல் ஆகாது. கூடைப்பந்துக்கு வளையம் வேண்டும். ஆனால் கராத்தேக்கு ஸ்டூடியோ போதும். ஃபிரிஸ்பீ, லக்ரோஸ் எல்லாம் வெளியே டர்ஃபுக்குப் போகலாம், குளிர்தான். டர்ஃபும் எல்லாம் ஒன்றில்லை: கால்பந்துக்குப் போடுகிற நீளப் புல் டர்ஃபில் ஹாக்கிப் பந்து ஓடாது, ஹாக்கிக்கு மணல் தூவிய குட்டைப் புல்லோ தண்ணீர் அடிக்கும் டர்ஃபோ வேண்டும். "எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று ஓர் அதிகாரி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மிச்சமிருக்கும் சண்டைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது பாம்பு வரிசை. மதிப்பெண்ணில் முதலாவதாக இருக்கும் கிளப் முதலில் ஒரு ஸ்லாட்டைத் தேர்ந்தெடுக்கும், அப்படியே பன்னிரண்டாவது வரை போகும். இரண்டாம் சுற்றில் பன்னிரண்டாவது கிளப்பிலிருந்து திரும்பி மேலே வரும். அதாவது தரவரிசை உங்களுக்கு எத்தனை மணி நேரம் என்பதைத் தீர்மானிக்காது, முதலில் கை நீட்டும் உரிமையை மட்டும் தரும். கூடவே ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு விலை வைத்தோம், காசு இல்லை, டோக்கன். செவ்வாய் ஏழு மணிக்கு மூன்று டோக்கன், காலை ஏழு மணிக்கு ஒன்று. வாள்வீச்சு கிளப் மூன்று காலைகளை அள்ளிக்கொண்டு போனது, சந்தோஷமாக. காலையில் எழுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெண்கள் அணிக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா? முடிவுகளை வைத்துப் பார்த்தால் அவர்கள் கீழேதான் இருக்கிறார்கள் என்கிறார்கள்.

ஏன் கீழே இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் பெண்கள் கால்பந்து அணி ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதில்லை என்று சொல்லி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன்னைச் சேர்ந்த மைதானங்களைப் பெண்கள் அணிகளுக்குக் கொடுக்கத் தடை போட்டது. சுமார் ஐம்பது வருஷம் அந்தத் தடை இருந்தது. ஆடவே கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, மைதானத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது போதுமானதாக இருந்தது.

பல்கலைக்கழகங்களிலும் அதே கதை சின்ன அளவில். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆண்கள் படகுப் போட்டி 1829இல் தொடங்கியது, பெண்கள் போட்டி 1927இல். ஆனால் ஆண்களோடு அதே நாளில், அதே தேம்ஸ் நதிப் பாதையில் பெண்கள் துடுப்புப் போட்டது 2015இல்தான். அதனால் ஒரே விளையாட்டில் ஆண், பெண் அணிகளை ஒரே கிளப்பாக வைத்துத் தரவரிசை போட்டால், உள்ளே நேரம் எப்படிப் பிரிகிறது என்றும் கேளுங்கள். "ஹாக்கிக்கு ஆறு மணி நேரம்" என்று நீங்கள் கொடுத்தது, உள்ளே நாலரை, ஒன்றரை என்று பிரிந்திருக்கும்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் "ப்ளூ" என்கிறார்களே, அதுவும் தரவரிசையா?

ஒரு விதத்தில் ஆமாம். எதிர்ப் பல்கலைக்கழகத்தோடு ஆடினவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது. சில விளையாட்டுக்கு முழு ப்ளூ, சிலவற்றுக்கு அரை ப்ளூ. படகு, கிரிக்கெட், ரக்பி மாதிரி பழையவை எப்போதும் முழு ப்ளூ. புதிதாக வந்த விளையாட்டுகள் குழு முன்னால் போய் வாதாடித்தான் மேலே ஏற வேண்டும். எண் எதுவும் போடாமலேயே நூறு வருஷத்துக்கு மேலாக ஓடுகிற தரவரிசை. என் கருத்தைக் கேட்டால், போட்டுக்கொள்ளும் பிளேசர் கோட்டில் ஒட்டுகிற மரியாதைக்கு அது பரவாயில்லை, ஹால் நேரத்துக்கு அப்படிச் செய்தால் ஆபத்து.

எங்கள் கிளப் சொந்தமாகவே நிதி திரட்டுகிறது. அதற்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாதா?

கொஞ்சம் கொடுக்கலாம், ஜாக்கிரதையாக. பழைய மாணவர்கள் வக்கீல்களாகவும் வங்கியாளர்களாகவும் இருக்கிற கிளப் ஒரே மாலை விருந்தில் திரட்டுவதை, டேபிள் டென்னிஸ் கிளப் வருஷம் முழுக்கக் கேக் விற்றாலும் திரட்டாது. திரட்டிய தொகைக்கு மதிப்பெண் கொடுத்தால் இருப்பவருக்கே இன்னும் கொடுக்கிறீர்கள். முயற்சிக்கு மதிப்பெண் கொடுங்கள், வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சியாவது நடத்தினார்களா, ஆம் அல்லது இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிஸ்க் அசெஸ்மென்ட், கணக்கு ஒப்படைப்பு இதற்கெல்லாம் மதிப்பெண்ணா?

மதிப்பெண் இல்லை, நுழைவுச் சீட்டு. ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இல்லாத மலையேற்ற கிளப்புக்கு "பத்துக்கு நாலு" போட்டுக் காசு கொடுப்பது பைத்தியக்காரத்தனம். தந்தால் வரிசைக்கு வா, தராவிட்டால் வராதே. பாதுகாப்புக் கருவி, முதலுதவிப் பயிற்சி, கோச்சின் தகுதிச் சான்றிதழ், இவற்றுக்கான செலவைத் தரவரிசைக்கு வெளியே எடுத்து, எல்லோருக்கும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி இடத்தில் இருக்கும் கிளப்பின் கயிறும் அறுந்துபோகக் கூடாது.

வாக்ஓவர் மட்டும் தனி. மேட்ச்சுக்கு வரவில்லை என்றால் பக்ஸ் அபராதம் போடும், எதிரணியின் புதன்கிழமை வீண். அதற்குக் குறைக்கலாம். ஆனால் காரணம் கேட்டுவிட்டுக் குறையுங்கள். 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் வாங்கினவர்களுக்கு மினிபஸ் உரிமம் தானாக வராது, ஓட்ட ஆள் கிடைக்காமலே பாதி வாக்ஓவர் நடக்கும். அதைப் போக்குவரத்துக்குக் காசு கொடுத்துத் தீர்க்க வேண்டும், மதிப்பெண்ணைக் குறைத்து இல்லை.

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அடுக்குகளாகப் பிரிப்பது நல்லதா?

பேச வசதி. ஆனால் விளிம்பில் நிற்பவரிடம் கேளுங்கள். 70 மதிப்பெண் என்றால் வெள்ளி, 69.6 என்றால் வெண்கலம், கையில் வரும் காசு பாதி. அந்த 0.4க்காக வரும் மேல்முறையீட்டுக் கடிதங்களைப் படித்தே என் ஆய்வுக் கட்டுரை ஒரு மாதம் தள்ளிப்போனது. அடுக்கு வேண்டும் என்று அடம்பிடித்தால், எந்த கிளப்பும் ஒரே வருஷத்தில் முந்தைய தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்காது என்று ஒரு வரம்பு வையுங்கள். கோச்சோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், திடீரென்று பாதியானால் அந்த மனிதரின் சம்பளம்தான் போகும்.

குழுவில் இருப்பவர்களே கிளப்பிலும் இருப்பார்களே?

இருப்பார்கள், வேறு யார் வருவார்கள்? முதல் வருஷம் பேட்மின்டன் ஹால் நேரம் விவாதத்துக்கு வந்தபோது நான் அறையிலேயே இருந்தேன், கையும் தூக்கினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் கூடைப்பந்து கேப்டன் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் விதி போட்டோம்: உன் கிளப் வந்தால் நீ வெளியே. காபி மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையான பதினைந்து நிமிஷம்.

இந்தியாவில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துவது இருக்கிறது. 1956-57இல் தொடங்கிய மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, போட்டிகளில் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டிச் சிறந்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது; அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதைப் பலமுறை வாங்கியிருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளே விளையாட்டுகளுக்கு எப்படிப் பிரிப்பது என்பது வேறு கேள்வி, மாணவர் நடத்தும் கிளப் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வி பிசிக்கல் டைரக்டரின் மேஜையோடு முடிந்துவிடும்.

எங்கள் கிளப் போன வருஷம் கடைசி இடம். இந்த வருஷம் என்ன செய்யலாம்?

முறையை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் எண்களை நீங்களே மறுபடி கூட்டிப் பாருங்கள், தப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் ஷீட்டில் ஒரு வரிசை இடம் மாறி, ஹேண்ட்பால் கிளப்புக்கு டாட்ஜ்பால் கிளப்பின் உறுப்பினர் எண்ணிக்கை போய்விட்டது, அவர்கள் வந்து கேட்கும்வரை எங்களில் யாருக்கும் தெரியாது. புதியவர்களுக்கு ஒரு வகுப்பு ஆரம்பியுங்கள், அதற்கு ஹால்கூட வேண்டாம், செப்டம்பரில் புல்வெளி போதும். வருகிறவர்களின் பெயரை ஒவ்வொரு வாரமும் எழுதி வையுங்கள். படிவங்களைக் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள், கடைசி நாள் ராத்திரி அந்த இணையதளம் படுத்துவிடும். அப்புறம் ஸ்லாட் தேர்வு நாளன்று காலை ஏழு மணியைக் கேளுங்கள். யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள், வாள்வீச்சுக்காரர்களைத் தவிர.